கீரைக்குக் குறுக்கே கதவு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், எவரோ வீசிவிட்டுப் போன கதவுகளைப் பொறுக்கி வந்து, எனக்கு ஒரு தீங்கும் செய்யாத மனிதருக்குக் குறுக்கே நான் வேலி போட்டேன்.

இடம்: யாழ்ப்பாணம் அல்ல. லண்டனின் தென்பக்கம், மிச்சம் என்கிற ஊர்.

வயது: பதின்மூன்று அல்ல. ஐம்பத்திரண்டு.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு என் புத்தி எந்த அளவில் வேலை செய்யும் என்பது தெரியும். சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருக்க, சட்டையை வாஷிங் மெஷினில் போட்டவன் நான். ஆனால் அதெல்லாம் எனக்கு நானே செய்துகொண்டது. இது வேறு ரகம். இதில் நட்டப்பட்டவர் இன்னொருவர்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஊரில் பெரிய வெளி ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். அலாட்மென்ட் என்று பெயர். கேட்டவுடன் கிடைக்காது. பெயரைப் பதிந்துவிட்டு, அதை மறந்துவிட்டு, ஒரு நாள் முதுகுவலி தொடங்கிய பிறகு கூப்பிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. இரண்டு தடவை போய் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தடவை போகவில்லை. அது என் பெயரில் சும்மா கிடந்தது.

அப்போதுதான் மகாலிங்கண்ணை வந்தார்.

என் மனைவி மனோவுக்குத் தூரத்து உறவு. அறுபத்தெட்டு வயது. ஊரில் கச்சேரியில் வேலை பார்த்தவர். பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் கச்சேரி. அதிலும் காணிப் பகுதி. உழைத்த காலம் முழுவதும் பிறத்தியாரின் எல்லைச் சண்டைகளைக் கேட்டே தலை நரைத்த மனிதர். மனைவி காலமான பிறகு மகன் ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிட்டிருந்தான். மகன் வீட்டில் அவருக்கு ஓர் அறை. அந்த அறையில் மகனுடைய உடற்பயிற்சி சைக்கிளும் நின்றது. மாலையானதும் மகன் வந்து சைக்கிளில் ஏறுவான். இவர் எழுந்து வெளியே வருவார். பகலில் எல்லோரும் வேலைக்குப் போனால் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டுப் போவார்கள். ஓர் ஆளுக்காக வீடு முழுவதும் எரிக்க முடியுமா?

"தம்பி, உம்மடை காணி சும்மா கிடக்காம். நான் கொஞ்சம் கொத்திப் பாக்கட்டே?"

"தாராளமா அண்ணை. பாதியை நீங்கள் எடுங்கோ. ஆனால் குளிருமே?"

"வீட்டுக்குள்ளை இருக்கிற குளிர் வேறை, வெளிக்குளிர் வேறை தம்பி. வெளிக்குளிருக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை."

அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அங்கே போகாத நாளை நான் கேள்விப்படவில்லை. காலையில் தேநீர் பிளாஸ்க்கோடு பஸ் ஏறுவார். இருட்டுப் படும்போது திரும்புவார். அந்தத் துண்டு போனால் அவருக்கு லண்டனில் படுக்க ஓர் அறை இருக்கும், நிற்க ஓர் இடம் இராது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

சங்கதி இப்படித் தொடங்கியது. போன வருடம் மார்ச் மாதம் தோட்டங்களைப் பார்வையிட வந்தார்கள். தோட்டச் சங்கத்தின் செக்ரட்டரி லென் என்ற வெள்ளைக்காரக் கிழவர். எங்கள் துண்டில் பட்டுப்போன அவரைக் கொடிகளும் சேறும் மட்டும் இருந்தன. முக்கால்வாசி நிலத்தில் பயிர் நிற்க வேண்டும் என்பது விதி. அடுத்த மார்ச்சில் இதே கோலத்தில் கண்டால், காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று லென் வாயாலேயே சொல்லிவிட்டார்.

நியாயம்தான். ஆனால் லண்டனில் மார்ச் மாதத்தில் எது பச்சையாக நிற்கும்? நத்தாருக்கு வைக்கிற கிறிஸ்மஸ் மரத்தையா நடுவது?

நான் படித்தவன் அல்லவா! லைப்ரரிக்கு ஓடினேன். தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. குளிரைத் தாங்கும் இலைவகைகளை மார்ச்சில் விதைத்துப் பயனில்லை; முந்தின கோடை முடிகிறபோதே விதைத்துவிட வேண்டும் என்றது. பனி வருவதற்கு முன் செடி கொஞ்சம் உரம் பிடித்துவிட்டால் போதும். நடுக்குளிரில் அது வளராது, சாகவும் சாகாது. வாயை மூடிக்கொண்டு நிற்கும். பகல் நீளத் தொடங்கியதும், மற்றவர்கள் விதைப் பாக்கெட்டைக்கூடப் பிரிக்காத நேரத்தில், இது குபீரென்று கிளம்பும். பனி பட்டால் இலையில் இனிப்பு வேறு ஏறுமாம்.

மகாலிங்கண்ணையிடம் சொன்னேன்.

"ஐசுக்குள்ளை கீரையோ? ஆருக்குச் சொல்லுறீர்?"

"புத்தகத்திலை கிடக்கு அண்ணை."

"புத்தகம் எழுதினவன் திண்டவனோ, எழுதினவன் மட்டுமோ?"

நக்கல் அடித்தாலும் செய்தார். ஆகஸ்டில் விதைத்தார். சுருட்டை இலைக் கேல், ஸ்பினாச், கோவா என்கிற முட்டைக்கோஸ் எல்லாம் போட்டோம். 'போட்டோம்' என்பது மரியாதைப் பன்மை. போட்டவர் அவர், புத்தகத்தை வாசித்துக் காட்டியவன் நான். புறா கொத்தாமல் மனோவின் பழைய யன்னல் திரைகளைக் கட்டித் தந்தேன். அதுதான் என் உழைப்பு.

கேலைக் கண்டு லென் சிரித்தார். மாடு வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார். இங்கே அதை மாட்டுக்குப் போடுவார்களாம். முற்றிய இலையில் நாலை நறுக்கி, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுத்துத் தந்தாள் மனோ. மகாலிங்கண்ணை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"தம்பி, மாடு குடுத்து வச்சது."

அப்படியே விட்டிருக்கலாம். விட்டோமா?

துண்டின் வடக்குப் பாதி அவருடையது, தெற்குப் பாதி என்னுடையது என்று ஒரு வாய்ப் பேச்சு. நடுவில் கால் நடந்து நடந்து விழுந்த ஓர் ஒற்றையடித் தடம். அக்டோபர் மழையில் அந்தத் தடம் கரைந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், என்றுமில்லாத உற்சாகத்தில், ஒரு வரிசை கோவாக் கன்று நட்டேன். என் கையால் நட்ட ஒரே வரிசை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் பிளாஸ்க்கோடு நின்றார்.

"தம்பி, இந்த வரிசை என்ரை பக்கமெல்லோ நிக்குது."

"எங்கை அண்ணை?"

"ஒரு அடி. ஒரு அடி வந்திட்டீர்."

"ஒரு அடியோ? அரை அடிகூட வராது."

"அப்ப அரை அடி வந்தது உண்மை."

காணிப் பகுதியில் இருந்தவரோடு வாய் கொடுத்தால் இப்படித்தான்.

"விடுங்கோ அண்ணை. கோவாதானே. ரெண்டு பேரும்தானே தின்னப் போறம்."

"நான் கோவாவைப் பற்றிக் கதைக்கேல்லை. எல்லையைப் பற்றிக் கதைக்கிறன்."

இடுப்பு வலித்தது. சிரித்துவிட்டு அந்தக் கன்றுகளை அரை அடி தள்ளி நட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் சொன்னேன்:

"எல்லையோ? காணி ஆற்றை பேரிலை கிடக்கெண்டு மறந்துபோனீங்களோ?"

அவர் பிளாஸ்க்கைத் திறந்து தேநீரை மூடியில் ஊற்றினார். குடிக்கவில்லை. திரும்ப உள்ளே ஊற்றி மூடினார்.

"ஓம். உங்கடை பேரிலைதான் கிடக்கு."

கவனித்தீர்களா? அதுவரை 'நீர்', 'உம்மடை'. என்னைவிட மூத்தவர், உரிமையோடு சொல்லும் வார்த்தைகள். அந்த நிமிடத்திலிருந்து 'நீங்கள்'. எங்கள் ஊர்க்காரருக்குக் கோபம் வந்தால் சிலர் மரியாதையைக் குறைப்பார்கள். இவர் கூட்டினார். வாசல்வரை கொண்டுவந்து விடுகிற மரியாதை.

அடுத்த ஞாயிறு போனால், துண்டின் குறுக்கே முளைக்குச்சிகள். குச்சிக்குக் குச்சி நைலோன் கயிறு. சப்பாத்துக் காலால் அளந்து பார்த்தேன். என் பக்கம் ஒரு அடி தள்ளியிருந்தது. அப்படித்தான் அன்று எனக்குப் பட்டது. கோவா வரிசை கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது, பிடிபட்ட ஆட்களைப் போல.

எங்கள் ஆட்கள் ஓடி வந்தபோது எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம்? வீடு, கிணறு, உறுதிப் பத்திரம், சாமிப் படம். எனக்கு ஊரில் இருந்த வீட்டில் இன்று எந்த நாட்டுச் சிப்பாய் காலை நீட்டிப் படுக்கிறான் என்பதுகூடத் தெரியாது. மகாலிங்கண்ணையின் வளவுக்குள் யாரும் போகவே முடியாது, மிதிவெடி என்கிறார்கள். ஏக்கர் கணக்கில் போனதற்கு நாங்கள் எவருடைய சட்டையையும் பிடிக்கவில்லை. பிடிக்க முடியாது. ஆனால் அரை அடி போனால்? அதற்குப் பிடிக்க ஒரு சட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே!

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகளுக்குப் புது பிளாஸ்டிக் கதவு போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய மரக் கதவுகள் ரோட்டில் கிடந்தன. வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஏற்றினேன். கம்பம் நட்டு, கதவுகளை நெட்டாக நிறுத்தி, ஆணி அடித்தேன். ஆள் உயரத்துக்கும் மேலே. பச்சைக் கதவு, சிவப்புக் கதவு, வெள்ளைக் கதவு. ஒன்றில் வீட்டு இலக்கமும் தபால் போடுகிற துவாரமும் அப்படியே இருந்தன. புத்தகத்திலும் எனக்குச் சாட்சி கிடைத்தது: குளிர்காலக் கீரையைக் குளிரைவிடக் காற்றுத்தான் கெடுக்குமாம். ஆகவே இது வேலி அல்ல, காற்றுத் தடுப்பு!

மனோவிடம் அப்படித்தான் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, ஊரிலை நாலு பரப்புக் காணியை விட்டிட்டு, செருப்பும் இல்லாமல் ஓடி வந்தனீங்கள். இஞ்சை அரை அடிக்குக் கதவு தூக்குறியள். இடுப்பு வலி இப்ப எங்கை போச்சு?"

"காத்து மனோ. காத்து அடிக்குது."

"ஓம், அடிக்குது. எங்கை அடிக்குதெண்டு எனக்குத் தெரியும்."

அதற்கடுத்த வாரம் என் பக்கத்தில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். 'டக்' என்று தபால் துவாரம் திறந்தது. உள்ளே இரண்டு கண்கள்.

"உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?"

"இருக்கிறம்."

"இது ஆற்றை கதவு?"

"என்ரை."

"பெல் ஒண்டும் வைக்கேல்லையோ?"

நான் இன்னொரு களையைப் பிடுங்கினேன்.

"கொஞ்சம் திறக்க ஏலுமோ?"

"ஆணி அடிச்சிருக்கு அண்ணை."

"ஓ... அப்ப இதைக் கதவெண்டு சொல்லாதேங்கோ."

துவாரம் மூடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டதாக ஞாபகம். இல்லை, இருமலாகவும் இருக்கலாம். அன்றைக்கு ஒரு சுத்தியலை எடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பதிலாக நான் வீட்டுக்குப் போய் அதை ஒரு நகைச்சுவைக் கதையாக நாலு பேருக்குச் சொன்னேன். எழுதுகிறவனுக்கு இருக்கிற வியாதி இது: ஒன்றைச் சரிப்படுத்துவதைவிட அதை நன்றாகச் சொல்வது சுலபம்.

டிசம்பரில் ஒரு நாள் மறுபடி துவாரம் திறந்தது.

"இந்தப் பக்கம் பகல் முழுக்க இருட்டாக் கிடக்கு."

"லண்டனிலை எல்லாருக்கும் இருட்டுத்தான் அண்ணை."

நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி. பனி மாவைத் தூவினாற்போல விழுந்தது. என் பக்கத்துக் கேல் பத்து மணிக்குள் பனியை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றது. பின்னால் கதவுகள், முன்னால் வெயில். குளிர்காய்கிற கிழவர்களைப் போல ஒரு வரிசை. இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். புத்தகம் பொய் சொல்லவில்லை... இனித்தது. பக்கத்து ஊரான சட்டனில் இருக்கிற நண்பர்களுக்கு எல்லாம் பை பையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விவசாய ஆலோசனையும் இலவசம்.

தபால் துவாரத்தால் ஒரு நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். (ஆம், நானும் பார்த்தேன்.) அங்கே மதியத்திலும் பனி உருகவில்லை. ஸ்பினாச் மஞ்சளாகிக் கூழாகிக் கிடந்தது. கேல் முழங்கால் அளவுக்குக்கூட உயரவில்லை. நத்தைகளுக்கு நல்ல வருமானம். அவர் கம்பளித் தொப்பியோடு குனிந்து, பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கவனம் போதவில்லை என்று நினைத்தேன். வயதாகிவிட்டது, பாவம். இப்படி நினைப்பது மிகவும் சுகமாக இருந்தது.

பிப்ரவரியில், குளியல் தொட்டியில் கிடந்தபடி, அதே புத்தகத்தின் இன்னொரு பக்கத்தை வாசித்தேன். இந்த நாட்டில் குளிர்காலச் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தெற்கே, கூரைகளுக்குச் சற்று மேலே தவழ்ந்துவிட்டு இறங்கிவிடும். ஆகவே பாத்திக்குத் தெற்கே உயரமான எதையும் வைக்காதே; அதன் நிழல் அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளும்.

தண்ணீர் ஆறியது. நான் எழும்பவில்லை.

சூரியன் நடு மண்டையில் நிற்கிற நாட்டில் பிறந்தவன் நான். அங்கே நடுப்பகலில் வேலியின் நிழல் வேலியின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஒரு வேலி பக்கத்துக் காணியின் வெயில் முழுவதையும் தின்னும் என்று நினைக்க எங்களுக்குக் காரணமே இருந்ததில்லை. எனக்குத்தான் என்றில்லை, காணிப் பகுதியில் இருந்த, இருட்டென்று சொன்ன அவருக்கும் கீரை அதனால்தான் வாடுகிறது என்று தோன்றவில்லை. தன் பக்கத்து மண் பழுது என்றுதான் மனோவிடம் சொல்லியிருக்கிறார்.

ஓர் அடிக்காக நான் அவருக்கு மூன்று மாத வெயிலை மறித்திருந்தேன்.

இனி என்ன? பகல் நீளத் தொடங்கிவிட்டது. இப்போதே கதவைக் கழற்றினால், மார்ச்சுக்குள் அவருடைய கேல் ஓரளவு தேறிவிடும். பார்வையிட வருகிறவர்கள் முழுப் பச்சையைக் காண்பார்கள். நிலம் மிஞ்சும். ஒரு சுத்தியல் வேலை.

போனேன். சிவப்புக் கதவை முதலில் கழற்றினேன். கழற்றிய உடனே அந்தப் பக்கத்துச் சேற்றில், ஒரு கதவு அகலத்துக்கு, வெயில் போய் விழுந்தது. மகாலிங்கண்ணை அந்த வெயிலுக்குள் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"ஏன் கழட்டுறியள்?"

"வெயில் விழட்டும் எண்டுதான் அண்ணை."

"ஓ. அப்ப பிழை எண்டு விளங்கிட்டுதோ?"

"ஓம் அண்ணை. வேலி பிழைதான்."

"நான் வேலியைக் கேக்கேல்லை. எல்லை."

"எல்லை எங்கை பிழை? நீங்கள் கட்டின கயிறு எல்லோ என்ரை பக்கம் வந்தது."

"எல்லை சரியெண்டால் வேலி எப்பிடிப் பிழையாகும்?"

"அண்ணை, அடுத்த மாதம் பாக்க வருவினம். கீரை இல்லாட்டில் காணி போயிடும். இப்ப இதையெல்லாம் விடுங்கோ."

"முதல்லை அந்த ஒரு அடியைச் சொல்லுங்கோ. பிறகு கதவைக் கழட்டுங்கோ."

'ஓம் அண்ணை, ஒரு அடி வந்திட்டன்' — இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மூச்சில் முடிகிற வசனம். பத்தி எழுதிப் பேர் வாங்கியவனுக்கு, மேடைகளில் மைக்கை விடாதவனுக்கு, அது வரவில்லை.

கதவைத் தூக்கி நிறுத்தினேன். ஆணிகள் பழைய துளையிலேயே சுலபமாக இறங்கின. அந்தப் பக்கத்துச் சூரியன் அணைந்தது. அவர் அசையாமல் நின்றிருக்க வேண்டும். காலடிச் சத்தம் கேட்கவில்லை.

மார்ச்சில் லென் வந்தார். கூட இன்னொருவர். லென் முழங்கால் வலிக்காரர், குளிர் முழுக்கத் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கதவுகளைக் கண்டு வாயைத் திறந்தவர் கொஞ்ச நேரம் மூடவில்லை. தெற்கே ஒரு காடு. வடக்கே ஒரு சுடுகாடு. முக்கால்வாசி என்பது விதி, நின்றது பாதி. போதாததற்கு, ஒருவர் பெயரில் உள்ள துண்டை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். கேட்டால் வாயால் மறுத்திருக்கலாம். நடுவில் கதவு போட்டுவிட்டு எப்படி மறுப்பது?

என் திறமான ஆங்கிலம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். லென் தலையை ஆட்டினார். களையால் போன துண்டைப் பார்த்திருக்கிறேன், சாவால் போனதைப் பார்த்திருக்கிறேன், விவாகரத்தால் போனதையும் பார்த்திருக்கிறேன், கதவால் போவது இதுதான் முதல் தடவை என்றார். மாத முடிவுக்குள் காலி பண்ணச் சொன்னார்.

மகாலிங்கண்ணைக்கு நான் தமிழில் சொன்னேன். அவருக்கு முன்பே விளங்கியிருந்தது.

"உங்கடை பேரிலைதானே இருந்தது," என்றார். "நட்டம் உங்களுக்குத்தான்."

மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் பையால் சுற்றி, கடைக்குக் கொண்டுபோகிற இழுவைப் பைக்குள் வைத்தார். நான் கேல் ஒரு கட்டை நீட்டினேன்.

"வேண்டாம். மருமகளுக்குக் கீரை அவியிற மணம் பிடிக்காது."

பை சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டே வாசல்வரை போனது.

என் பக்கத்துக் கேல் முழுவதையும் நானே வெட்டினேன். நாங்கள் இரண்டு கிழமை வறை சாப்பிட்டோம். ஓர் இலையாவது கசந்திருக்கக் கூடாதா? என்ன அநியாயம், அவ்வளவு இனிப்பு.

துண்டு ஓர் இளம் வெள்ளைக்காரத் தம்பதிக்குப் போனது. முதல் நாளே கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஏப்ரலில் ஒரு நாள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எவரும் பிடுங்கக் கவனிக்காத அந்த வடக்குப் பக்கத்துக் கேல் கட்டைகள், வெயில் பட்டதும், கணுவுக்குக் கணு தளிர் விட்டிருந்தன. சாகவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கின்றன.

போன வியாழக்கிழமைதான் அவரைக் கண்டேன். சட்டன் போகிற பஸ்ஸில், மேல்தட்டில், முன் சீட்டில். மடியில் பிளாஸ்க். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"சட்டனுக்கு."

"சட்டனிலை என்ன அண்ணை?"

"ஒண்டுமில்லை. திரும்பி வாற பஸ் அங்கைதான் வெளிக்கிடும்."

முதியோர் பாஸ் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. காலையில் ஏறினால் மத்தியானம்வரை போய்ப் போய் வருவாராம். ஹீட்டரும் போடுகிறார்களாம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். பின்வளவுகள், துணிக்கொடிகள், அடுக்கடுக்காக வேலிகள்.

இரண்டு ஸ்டொப்புக்குள் அதைச் சொல்லிவிட்டேன். அண்ணை, அந்த ஒரு அடி நான்தான் வந்தனான். பிழை என்ரை. கண்களில் ஏதோ முட்டியது. அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நான் இன்னும் தாராளமானேன். இப்படியான வேளைகளில் எனக்குத் தாராளம் ஊற்றெடுக்கும்.

"எங்கடை வீட்டுப் பின்வளவு சும்மா கிடக்கு அண்ணை. பாதியில்லை, முழுக்க எடுங்கோ. நாளைக்கே வாங்கோ. ஆகஸ்டிலை கேல் போடலாம்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்; பழைய காணிக் கோப்பு ஒன்றைப் புரட்டுகிறவரைப் போல. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்கடை பின்வளவு வீட்டுக்கு வடக்குப் பக்கமெல்லோ. அங்கை வேலி இல்லாமலே வெயில் விழாது."